விமான நிலையச் சோதனையும் நம் வீட்டு அணிகலன்களும்



ஒரு காலத்தில் நம்மவர் வெளியூர்க் கொள்முதல் என்றால் மிளகாய் வற்றலுக்குக் குண்டூர் ரயில் ஏறுவார். பருப்பு, கிராம்பு, ஏலம் என்றால் பம்பாய் மஸ்ஜித் பந்தர் வரை போய் வருவார். ஒரு ஜமக்காளம், ஒரு தூக்குச் சட்டி, இடுப்பில் பச்சை பெல்ட், இவ்வளவுதான் பயண ஏற்பாடு. இன்று நம் சங்க உறுப்பினர்கள் கொழும்பு, துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று சர்வ சாதாரணமாகப் பறக்கிறார்கள். வியாபாரத்துக்குப் போவோர் ஒரு பக்கம். வெளிநாட்டில் குடியேறிவிட்ட மகன், மகள் வீட்டுக்குப் போவோர் இன்னொரு பக்கம். வயது அறுபதைத் தாண்டிய பிறகு முதன்முதலாக விமானம் ஏறும் தாய்மார்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர்.

பாஸ்போர்ட், விசா, அந்நியச் செலாவணி பற்றியெல்லாம் சங்கக் கூட்டங்களில் பேசிக்கொள்கிறோம். ஆனால் உடம்பில் கிடக்கும் தாலி, மெட்டி, கொலுசு, அரைஞாண், உருத்திராட்சம் ஆகியவற்றோடு சோதனை வாசலைக் கடப்பது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லுவதில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று நாமும் நினைத்திருந்தோம். அப்படி நினைத்ததற்கு நாம் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

2018-ஆம் ஆண்டு, நாமும் துணைவியாரும் கடல் கடந்த ஒரு நகரில் மல்லி, மிளகாய் இறக்குமதி செய்யும் ஒருவரைச் சந்தித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். நகரத்தின் பெயரும் விமான நிலையத்தின் பெயரும் இங்கே வேண்டாம். குற்றம் அவர்களுடையது அன்று என்பதை அன்பர்களே தெரிந்துகொள்வீர்கள்.

அன்று வரிசை நீளம். விமானத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. துணைவியார் கதவு நிலை போன்ற இயந்திரத்துக்குள் நுழைந்ததும் அது கத்தியது. எதிரே நின்ற பெண் அதிகாரி ஏதோ சொன்னார். அவர் பேசிய ஆங்கிலம் நமக்குப் பிடிபடவில்லை. முதலில் கையைக் காட்டினார். அடுத்து கழுத்தைக் காட்டினார். எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுகிறார் என்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"கழட்டி வையும்மா, நேரமாகுது" என்றோம்.

"எதைங்க?"

"தாலியத்தான்."

துணைவியார் நம்மை ஒரு முறை பார்த்தார். மறு பேச்சுப் பேசவில்லை. மணமாகி 34 ஆண்டுகள். கொடியைப் புதிதாகக் கோத்த நாட்களில்கூட மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்ட பிறகுதான் பழையதைக் கழற்றுவார். அன்று கட்டிக்கொள்ள மஞ்சள் கயிறும் இல்லை. யாரோ சற்று முன்பு ஷூவை வைத்து எடுத்த பிளாஸ்டிக் தட்டில் தாலிக்கொடியை வைத்தார். தட்டு எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது.

மறுபடியும் இயந்திரத்துக்குள் நடந்தார். மறுபடியும் கத்தியது!

அதிகாரி கைக்கருவியை எடுத்து வந்து வளையல் மீதும், காலைத் தொட்டுக் கொலுசு மீதும் காட்டினார். அவை இருந்த இடங்களில்தான் அது ஒலித்தது. அரை நிமிடத்தில் சோதனை முடிந்து, போகலாம் என்று தலையசைத்துவிட்டார்.

ஆனால் தட்டு வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் போன நம் கைப்பையை நிறுத்திவிட்டார்கள். வெற்றிலைப் பைக்குள் நாம் மறந்து வைத்திருந்த பாக்குவெட்டிதான் காரணம். அதை எடுத்துப் பார்த்து, இது என்ன ஆயுதம் என்று இருவர் கூடிப் பேசி, வாங்கி வைத்துக்கொள்ளும் வரையில் பட்டை நகரவில்லை. பெட்டியின் வாயில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கைக்கு எட்டாமல் தாலி கிடந்தது. துணைவியார் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம்தான் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நாம் இன்னும் கணக்கில் தீர்க்கவில்லை.

வரிசையில் நமக்குப் பின்னால் நின்ற தமிழ் இளைஞர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, அவங்க வளையலைத்தான் கேட்டாங்க. கழுத்தைக் காட்டினது அம்மா போட்டிருந்த சால்வையை எடுக்கச் சொல்லி. தாலியக் கழட்டச் சொல்லவே இல்லையே" என்றார்.

குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வை! நாம் என்ன சொல்லுவோம்?

விமானத்தில் துணைவியார் பேசவில்லை. ஊர் வந்து, மறுநாள் கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் காப்பி கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அவங்க கேக்கலீங்க. நீங்கதான் கேட்டீங்க."

அதற்குப் பிறகுதான் இந்த விஷயங்களை விசாரித்துத் தெரிந்துகொண்டோம். நாம் கற்றது நம்மோடு போக வேண்டாம் என்றே இதை எழுதுகிறோம்.

இயந்திரம் எதைக் கண்டு கத்துகிறது?

"தங்கம் காந்தத்தில் ஒட்டாதே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று நம் நகைக்கடை நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த வாசலின் இரு பக்கச் சட்டங்களிலும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. மின்சாரம் பாயக்கூடிய எந்த உலோகம் அதற்குள் வந்தாலும் அந்த உலோகத்தில் சிறிய மின்னோட்டம் எழும். அதை இயந்திரம் உணர்ந்துகொள்கிறது. ஆகவே இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம் எல்லாம் அதற்கு ஒன்றே. 22 காரட்டா, கவரிங்கா என்று அது பார்ப்பதில்லை.

ஆனால் உருவம் பார்க்கும். முழு வளையமாக இருக்கும் பொருளில் மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றி வரும். ஆகவே வளையல், காப்பு, தண்டை ஆகியவை எளிதில் அகப்படும். கண்ணி கண்ணியாகக் கோத்த மெல்லிய சங்கிலியில் ஒவ்வொரு இணைப்பிலும் மின்னோட்டம் தடைப்படுவதால் அது குறைவாகவே தெரியும். அன்று தாலியைக் கழற்றிய பிறகும் ஏன் கத்தியது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

பட்டுச் சேலைக்கும் ஒரு வார்த்தை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. ஆகவே அகலக் கரைப் புடவை கட்டிப் போனால் கைக்கருவி சில சமயம் கரை நெடுகக் கத்தும். புடவையில் குத்திய ஊக்குகளும், கொண்டை ஊசிகளும் சேர்ந்தால் கணக்கு இன்னும் கூடும்.

சில நாடுகளில் கதவு நிலைக்குப் பதிலாக, கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லும் கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அதில் வருவது எக்ஸ்ரே அன்று; மில்லிமீட்டர் அலை என்னும் ஒருவகை ரேடியோ அலை. உடம்பின் படம் தெரிந்துவிடுமே என்று தாய்மார்கள் கூச வேண்டாம். அமெரிக்க விமான நிலையங்களில் 2013 முதல் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவம் மட்டுமே திரையில் தெரியும்; சந்தேகப்படும் இடத்தில் ஒரு கட்டம் விழும். ஆனால் இந்தக் கூண்டு உலோகத்தை மட்டும் பார்ப்பதில்லை. இடுப்புக் கயிறு, வேட்டி மடிப்பு, புடவைக் கொசுவம், இடுப்பில் செருகிய சுருக்குப் பை என எது தடித்துத் தெரிந்தாலும் காட்டிவிடும். அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அது சந்தேகப்பட்டுச் செய்வது அன்று. கட்டம் விழுந்தால் பார்த்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் விதி.

ஏன் இத்தனை கெடுபிடி?

சோதனை என்றதும் நம்மில் சிலருக்கு ரோஷம் வந்துவிடுகிறது. "என்னைப் பார்த்தால் திருடன் மாதிரியா தெரிகிறது?" என்பார்கள். 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு நம் மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள் வைத்த குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் மாண்டதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. 1985-இல் கனிஷ்கா விமானம் நடுவானில் வெடித்து 329 உயிர்கள் போயின. அதன் பின் 1987-இல் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தனித் துறையாக்கப்பட்டது. 1999 டிசம்பரில் காட்மாண்டிலிருந்து புறப்பட்ட விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000-ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் காவல் ஒவ்வொன்றாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சாவுக் கணக்கு இருக்கிறது. சோதிப்பவரிடம் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அதே சமயம் சோதிக்கப்படுபவருக்கும் சில உரிமைகள் உண்டு. பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும். நம் நாட்டு விமான நிலையங்களில் அதற்குத் திரையிட்ட அறை உண்டு. பெண் காவலர் கைக்கருவியால் பார்ப்பார். தாலி கழுத்திலேயே இருக்கலாம். வெளிநாடுகளிலும், கழற்ற முடியாத ஒன்று இருக்கிறது என்றால், கையால் சோதிக்கும்படி கேட்கலாம். அமெரிக்காவில் தனி அறையில் சோதிக்கக் கோரலாம். கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். தலைப்பாகை, முக்காடு போன்றவற்றை மத நம்பிக்கை காரணமாக அணிபவர், அதைத் தம் கையாலேயே தடவிக் காட்டி, பிறகு கையை மருந்துத் துணியால் துடைத்துச் சோதிக்கக் கொடுக்கவும் அங்கே இடம் இருக்கிறது.

கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது. கொள்முதலுக்குப் போய் விலை கேட்கக் கூசுகிறவன் வியாபாரி ஆவானா? இங்கே மட்டும் ஏன் வாய் அடைத்துப் போகிறோம்?

எதை அணிவது, எதைப் பைக்குள் வைப்பது?

நம் அனுபவத்திலும் நண்பர்களிடம் விசாரித்ததிலும் தெரிந்தவற்றைச் சரக்குப் பட்டியல் போலத் தருகிறோம்.

தாலி: கழற்ற வேண்டாம். சோதனையில் ஒலித்தால் விரலால் தொட்டுக் காட்டி, "மேரேஜ் செயின், பிளீஸ் செக் பை ஹேண்ட்" என்று சொன்னால் போதும். சால்வை, துப்பட்டா, ஸ்வெட்டர் ஆகியவற்றை முதலிலேயே எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள்.

மெட்டி: பெரும்பாலும் தொந்தரவு இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிக் காட்டுங்கள்.

வளையல், கொலுசு, ஒட்டியாணம்: கல்யாணத்துக்குப் போவது போல எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். கழற்றக்கூடியதை வீட்டிலேயே கழற்றி, ஜிப் வைத்த சிறு பையில் போட்டு, அதைக் கைப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். தட்டில் தனியாக நகையை வைக்கவே கூடாது. பட்டை நகரும், நமக்கு முன்னால் போனவர் அந்தப் பக்கம் நிற்பார், நாமோ இந்தப் பக்கம் சோதனையில் நிற்போம். சரக்குப் பெட்டியில் நகையைப் போடுவதும் தவறு. பெட்டி காணாமல் போனால் நகைக்கு ஈடு கேட்டு அலைந்து மாளாது.

அரைஞாண்: வெள்ளிக் கொடி கட்டியவர்கள் சோதனைக்கு முன்பே இடுப்பைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது. கருவி கத்திய பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டுவதை விட அது கௌரவமானது. கறுப்புக் கயிறு கதவு நிலையில் தெரியாது. கண்ணாடிக் கூண்டில் தெரியலாம்.

பச்சை பெல்ட், சாவிக்கொத்து: நம் வியாபாரிகளின் உடம்போடு பிறந்தவை! பெல்ட்டைக் கழற்றச் சொல்லுவார்கள். வேட்டி கட்டிப் போகிறவர்கள் அன்றைக்கு ஒட்டு வேட்டி கட்டுவது உத்தமம். கடைச் சாவி, பெட்டிச் சாவிகளை ஊரிலேயே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உருத்திராட்சம், தாயத்து: உருத்திராட்சக் கொட்டை ஒன்றும் செய்யாது. இரு முனையிலும் பூண் கட்டிய செம்பு, வெள்ளி, தங்கம்தான் ஒலிக்கும். தாயத்தின் உலோகக் குழாயை, உள்ளே என்ன என்று கேட்பார்கள். பதறாமல் "பிரேயர்" என்று சொல்லுங்கள்.

கூரான பொருள்கள்: பாக்குவெட்டி, பேனாக்கத்தி, பழம் நறுக்கும் கத்தி ஆகியவை கைப்பையில் கூடவே கூடாது, சரக்குப் பெட்டிக்குள் போக வேண்டும். நம் பாட்டனார் காலத்துப் பாக்குவெட்டி போனது போனதுதான்.

சமயச் சின்னமே கூராக இருந்தால் என்ன செய்வது? சீக்கியர்களின் கிர்பான் இதற்கு உதாரணம். இந்தியாவுக்குள் பறக்கும் இந்திய விமானங்களில் சீக்கியப் பயணி கிர்பான் அணியலாம். ஆனால் அலகு 15.24 செ.மீ., மொத்த நீளம் 22.86 செ.மீ. தாண்டக் கூடாது. கனடா 2017-இல் 6 செ.மீ. வரையுள்ள அலகுக்குப் பெரும்பாலான விமானங்களில் அனுமதி தந்தது. அமெரிக்காவில் விமானத்துக்குள் எடுத்துப் போக அறவே கூடாது. சபரிமலை செல்லும் அய்யப்ப பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2024-இல் நம் அரசு சீசன் முடியும் வரை தனி அனுமதி கொடுத்தது. தத்தம் வழக்கத்தை எடுத்துச் சொன்னவர்களுக்கு அளவோடு வழி பிறந்திருக்கிறது. சொல்லாமல் மறைத்துக் கொண்டுபோனவருக்கு எங்கும் வழி இல்லை.

சுங்கம் வேறு, பாதுகாப்பு வேறு

இவ்விரண்டையும் நம்மவர் குழப்பிக்கொள்கிறார்கள். பாதுகாப்புச் சோதனை செய்பவருக்குத் தாலி எத்தனை பவுன் என்பது அக்கறையில்லை. ஊர் திரும்பும்போது சுங்கத்தார்தான் எடை பார்ப்பார்கள். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்பும் நம் நாட்டுப் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரை நகைக்குத் தீர்வை இல்லை. இங்கிருந்தே நிறைய நகை அணிந்து போகிறவர்கள், புறப்படும் போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது 'இது எங்கே வாங்கியது' என்ற கேள்வி எழாது.

இலங்கையைச் சேர்ந்த ஒரு புதுமணப் பெண்ணிடம் 2023 டிசம்பரில் சென்னையில் சுங்கத் துறையினர் 11 பவுன் தாலிக்கொடியைக் கைப்பற்றினார்கள். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்க ஆணையிட்டது. சோதனை செய்யும் அதிகாரிகள் ஒவ்வொரு மதத்தின் வழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்றும் கூறியது. நீதி கிடைத்தது, ஆனால் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு தாள் சான்று கையில் இருந்தால் நமக்கு அந்த அலைச்சல் ஏன்? செக்போஸ்டில் லாரி நின்ற காலத்தை நாம் பார்த்தவர்கள். பில் கையில் இருந்த டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். பில் இல்லாதவர்தான் வியர்த்து நிற்பார்.

மறுமுறை

2023-இல் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்தோம். அங்கே பல முனையங்களில் விமானம் ஏறும் வாசலிலேயே சோதனை வைத்திருக்கிறார்கள். அது தெரிந்து, திரும்பும்போது அழைப்புக்கு வெகு முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டோம். வளையல்கள் கைப்பைக்குள் இருந்தன. சால்வை தட்டில் இருந்தது. பாக்குவெட்டி ஊரில் இருந்தது.

துணைவியார் உள்ளே நடந்தார். சத்தம் வந்தது. நாம் வாயைத் திறப்பதற்குள் அவரே தாலியைத் தொட்டுக் காட்டி, மகள் சொல்லிக்கொடுத்திருந்த அந்த நாலு வார்த்தையைத் திருத்தமாகச் சொன்னார். பெண் அதிகாரி கருவியைக் கழுத்தருகே ஒரு முறை காட்டி, புன்னகையோடு வழிவிட்டார். கால் நிமிடம்கூட ஆகவில்லை.

இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் துணைவியார், "இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான். வணிகப் பெருமக்கள் இந்தக் கட்டுரையைத் தங்கள் வீட்டுத் தாய்மார்களுக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். சோதனை வாசலில் அவசரம் வந்தால் ஒரு விமானத்தை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள். கழற்றச் சொல்லுவது யார், எதை என்று தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீட்டாரிடம் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள்.